இரட்டைக்கிளவி

கவாசே சான் கொண்டுவந்தது இரண்டு பெட்டி.
ஒன்றில் சட்டைகள், அளவுகோல்கள், ஒரு குடை.
மற்றதில் தொண்ணூறு நாளைக்கான பயம்,
பொட்டலம் பொட்டலமாய், தேதி எழுதி,
ரப்பர் பேண்டு போட்டு.

இரும்பாலை ரோட்டுத் தொழிற்சாலையில்
புது உருளை இயந்திரம் பூட்ட வந்தவர்.
நான் அவருடைய வாய்.
நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு, மதியச் சாப்பாடு தனி.

நான்காம் நாள், மெஸ்ஸில்,
புளிக்குழம்பின் வெண்டைக்காயை விரலால் தூக்கி
நூல் இழுப்பதைப் பார்த்து
'நெபநெப' என்றார், முகமெல்லாம் சிரிப்பாய்.
'கொழகொழ' என்று நான் மொழிபெயர்த்தேன்.
பரிமாறிய பச்சமுத்து அண்ணன் முகம் சுண்டிப்போனது.
'நல்லாத்தானே வதக்கினேன்?'
இல்லைண்ணே, அவங்க ஊர்ல அது பாராட்டு.

எட்டாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வி அது:
இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது.
அது கப்பலேறி அவ்வளவு தூரம் போயிருக்கும் என்று
யார் கண்டது.

அன்றிலிருந்து அவர் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.
நாற்பதாம் நாள் என் மேசைமேல் கவிழ்த்தார்.
நீங்கள் தின்னுங்கள், எடை குறையட்டும்.

இரண்டு வருடம் படித்த மொழி.
பேருந்தில் நின்றபடி அட்டை அட்டையாய் உருப்போட்டது.
உமெபோஷி: உப்பில் ஊறிய பழம், பெயர்ச்சொல்.
தேர்வில் சரி போட்டிருந்தார்கள்.
வாயில் போட்டபோதுதான் தெரிந்தது
அது பெயர்ச்சொல் இல்லை, வினை.
ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.
தாடைக்குள் எங்கிருந்தோ ஊற்று.
நம் வடுமாங்காய்க்குத் தூரத்துச் சொந்தம்,
கல்யாணத்துக்கு அழைக்காத கோபம்
இன்னும் ஆறாத சொந்தம்.

பச்சைப் பட்டாணி ஒரு பிடி அள்ளினேன்,
நம்ம ஊர் வறுத்த பட்டாணிதானே என்று.
காரம் நாக்கை மதிக்கவே இல்லை.
நேரே மூக்கில் புகுந்து
ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசியையும்
பிரேக் இல்லாமல் ஏறி, உச்சியில் ஹாரன் அடித்து
இறங்கிப் போய்விட்டது. தடயமே இல்லை.
இன்னொரு பிடி எடுத்தேன்.

காய்ந்த கணவாய் நார் பிடிக்கவில்லை.
அவரிடம் சொல்லவில்லை.

பழுப்பு மாவு தூவிய உருண்டை ஒன்று.
கொழுக்கட்டை என்று நினைத்துக் கடித்தால்
பல்லை விடமாட்டேன் என்றது.
'மோச்சிமோச்சி' என்றார்.
அதற்கு என்னிடம் சொல் இல்லை.
சவசவ? அது குறை சொல்வது.
மெத்துமெத்து? அது தலையணை.
இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடியில் கடைசியாய்ச் செம்பேய்.
அரிசி மாவு, சுட்ட வட்டம், உள்ளங்கையில் பாதி.
பார்த்ததுமே தெரிந்துவிட்டது
இது போகவேண்டிய இடம்.

அம்மாப்பேட்டை, மாதேஸ்வரி அக்காவின் தள்ளுவண்டி.
தட்டுவடைக்குப் பதிலா இதுல ஒரு செட் போடுக்கா.
'என்ன பேரு?'
செம்பேய்.
'பேயா?'
பானை வாங்குகிறவரைப்போல் ஒன்றைச் சுண்டிப் பார்த்தார்.
சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி,
துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம்,
மேலே இன்னொன்றை வைத்து ஓர் அமுக்கு.

கவாசே சான் கடித்தார்.
தெருவுக்கே கேட்டது.
கண்ணில் தண்ணீர், பூண்டு அப்படி.
'பரிபரி!' என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.
'மொறுமொறுன்னுதான் இருக்கும், பின்ன?'
என்று நேரே அவரிடம் சொல்லிவிட்டு
அடுத்த தட்டுக்கு வெங்காயம் எடுத்தார்.
அவரும் தலையாட்டினார்.
என் ஆயிரத்து எண்ணூறு
வண்டியோரம் சும்மா நின்றது.

பிறகு அக்கா சட்னி இல்லாமல் ஒன்றைத் தின்று பார்த்தார்.
'மாவு நல்ல மாவு.
மிளகாத்தூளத்தான் மறந்துட்டாங்க.
கேளு, கிலோ என்ன வெல போடுவாராம்?'

அவர் என்னைப் பார்த்தார்.
அக்கா என்னைப் பார்த்தார்.
வாய் நிறைய செட்.
ஒரு நிமிஷம் என்று
இரண்டு பேருக்கும் ஒரே விரலைக் காட்டினேன்.